பழைய காரில் ஃபேன் பெல்ட் மாற்றுவது எப்படி?

காலையில் சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து 'கீஈஈச்' என்று ஒரு சத்தம் கிளம்பும். அரை நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். மழை நாளில் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும். ஹெட்லைட்டைப் போட்டால் மறுபடி வரும். பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் வைத்திருப்பவர்களில் பலர் மாதக்கணக்கில் இந்தச் சத்தத்தோடுதான் ஓட்டுகிறார்கள். பெல்ட் வழுக்குகிறது என்பதைத்தான் அந்தச் சத்தம் சொல்கிறது. பெல்ட்டின் விலை சில நூறு ரூபாய். அதைத் தள்ளிப்போட்டு, நெடுஞ்சாலையில் அது அறுந்து, எஞ்சின் கொதித்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும்.

பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் சுலபம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் பழைய பெல்ட் ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், புதியதும் அதே வழியில்தான் போகும். இறுக்கம் தப்பினாலும் அப்படித்தான். இந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

எந்தப் பெல்ட் எதைச் சுற்றுகிறது?

பெயரே முதலில் குழப்பும். அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் ரேடியேட்டர் ஃபேன், வாட்டர் பம்ப்பின் தண்டிலேயே இருக்கும். எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் உள்ள புல்லியிலிருந்து (புல்லி என்றால் பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரம்) கிளம்பும் ஒரே பெல்ட் வாட்டர் பம்ப், ஃபேன், டைனமோ (பேட்டரிக்கு மின்சாரம் தரும் பழைய வகை ஜெனரேட்டர்) மூன்றையும் சுற்றுகிறது. அதனால் அங்கே 'ஃபேன் பெல்ட்' என்பது சரியான பெயர். மாருதி 800-இல் ஃபேன் மின்சார மோட்டாரில் ஓடுகிறது. பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் சம்பந்தமே இல்லை. பெல்ட் சுற்றுவது ஆல்டர்னேட்டரையும் (டைனமோவின் வேலையைச் செய்யும் புது வகை) வாட்டர் பம்ப்பையும். ஆனாலும் கடையில் 'எண்ணூறுக்கு ஃபேன் பெல்ட்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஏசி இருந்தால் கம்ப்ரஸருக்குத் தனியாக இன்னொரு பெல்ட். பவர் ஸ்டியரிங் இருக்கும் கார்களில் அதன் பம்ப்புக்கும் ஒன்று இருக்கலாம்.

டைமிங் பெல்ட் வேறு. அது எஞ்சினின் ஒரு பக்கத்தில் மூடிக்குள் இருக்கும். பல் வைத்த பெல்ட். கிராங்க்கையும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கிறது. மாருதி 800-இல் அது உண்டு. அம்பாசடரின் பழைய எஞ்சினில் அந்த இடத்தில் செயின் இருக்கும். டைமிங் பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எஞ்சின் சரியாக ஓடாது. சில எஞ்சின்களில் வால்வே வளைந்துபோகும். இந்தக் கட்டுரை வெளியே கண்ணுக்குத் தெரியும் பெல்ட்டுகளுக்கு மட்டும்தான். மூடிக்குள் இருப்பதில் கை வைக்க வேண்டாம்.

ஏன் வழுக்குகிறது?

பழைய கார்களில் இருப்பது வி-பெல்ட். குறுக்கே வெட்டினால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். புல்லியின் பள்ளமும் அதே வடிவம். பெல்ட்டை இழுக்கும்போது அது பள்ளத்துக்குள் ஆப்பு போல இறங்கி, இரண்டு பக்கச் சுவர்களையும் அழுத்திப் பிடிக்கிறது. பிடிப்பு முழுவதும் பக்கங்களில்தான். பெல்ட்டின் அடிப்பகுதி பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தொட்டால் ஆப்பு இறங்க இடமில்லை, பிடிப்பும் இல்லை.

ஒரு பெல்ட் சுற்றும் புல்லிகளில் மிகச் சிறியது ஆல்டர்னேட்டருடையது. பெல்ட் அதைத் தொடும் நீளமும் குறைவு. அதனால் வழுக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மின்சாரச் சுமை கூடக் கூட ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது கடினமாகும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி ஓரளவு இறங்கியிருக்கும். அதை நிரப்ப முதல் சில நிமிடங்கள் ஆல்டர்னேட்டர் கடுமையாக உழைக்கிறது. காலைக் கீச்சலின் ரகசியம் இதுதான். பேட்டரி நிரம்பியதும் சுமை குறைகிறது, சத்தமும் நிற்கிறது. சத்தம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைவது தவறு. பெல்ட் சரியாகவில்லை, வேலைதான் குறைந்திருக்கிறது.

வழுக்கும்போது உராய்வில் சூடேறி, ரப்பரின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளப்பாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பழைய பிடிப்பு திரும்பாது. சோப்பைத் தேய்ப்பது, குங்கிலியப் பொடி தூவுவது, ஸ்பிரே அடிப்பது எல்லாம் இரண்டு நாளைக்குச் சத்தத்தை மறைக்கும். பெல்ட்டின் மேல் தூசியை ஒட்டவைத்து மீதி ஆயுளையும் குறைக்கும்.

பார்த்தும் தொட்டும் தெரிந்துகொள்வது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். மின்சார ஃபேன் இருக்கும் கார்களில், சூடான எஞ்சினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். விரலை விட்டு வைக்காதீர்கள்.

டார்ச் அடித்து, பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பெல்ட் கெட்டாலும் அதன் மேல்பக்கம் கடைசிவரை நல்லபடியாகவே தெரியும். பக்கங்களும் அடிப்புறமும்தான் உண்மையைச் சொல்லும். பக்கச் சுவர் பளபளப்பாக இருந்தால் வழுக்கியிருக்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட் எங்கோ உரசுகிறது. அடியில் பல் போல வெட்டு வைத்த பெல்ட் என்றால் அந்த வெட்டுகளின் உள்மூலையில் விரிசல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறி உப்பிப் பிசுபிசுத்திருந்தால் அது பெல்ட்டின் குற்றமில்லை. எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடுங்கள். வால்வு கவர் கேஸ்கெட்டும், கிராங்க் முன்பக்க ஆயில் சீலும் வழக்கமாக மாட்டுபவை. ஒழுகலை நிறுத்தாமல் புதுப் பெல்ட் போடுவது காசைக் கரியாக்குவது.

1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பல கார்களில் தட்டையான, நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் வைத்த ரிப் பெல்ட் இருக்கும். பழைய ரிப் பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பர். அவற்றில் ஒரே ரிப்பில் 3 அங்குல நீளத்துக்குள் 3 விரிசல்கள் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். பிறகு வந்தவை ஈபிடிஎம் ரப்பர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: ஈபிடிஎம் லேசில் வெடிக்காது. விரிசலே இல்லாமல், டயர் தேய்வது போல உள்பள்ளம் தேய்ந்துகொண்டே போகும். பார்த்தால் புதிது போல இருக்கும், ஆனால் வழுக்கும். ரிப்பின் முனை புதியதில் கொஞ்சம் தட்டையாக இருக்கும். தேய்ந்ததில் பள்ளம் அகன்று, முனை கூர்மையாகிவிடும். புதிய பெல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பெல்ட் நன்றாகவே தெரிந்து, சத்தம் மட்டும் வந்தால் ஒரு தண்ணீர்ச் சோதனை செய்யலாம். எஞ்சின் ஓடும்போது, தள்ளி நின்று, ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் கோணலாக இருக்கின்றன. வழுக்கல் சத்தம் நீளமாக இழுக்கும்; கோணல் சத்தம் சிட்டுக்குருவி போல 'கிச் கிச்' என்று விட்டு விட்டு வரும்.

கடையில் கேட்க வேண்டியது

பழைய பெல்ட்டின் முதுகில் எண் அச்சிட்டிருக்கும். 'ஏவி10 × 825' என்றிருந்தால் மேல் அகலம் 10 மில்லிமீட்டர், நீளம் 825 மில்லிமீட்டர். ரிப் பெல்ட்டில் '4பிகே 875' என்றால் நான்கு ரிப், 875 மில்லிமீட்டர். இங்கே சொன்ன எண்கள் படிக்கப் பழகத்தான். உங்கள் வண்டிக்கு உரியது உங்கள் பெல்ட்டிலோ மேனுவலிலோதான் இருக்கும். ஒரே மாடலில் ஏசி உள்ளதற்கும் இல்லாததற்கும், கார்புரேட்டர் வண்டிக்கும் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டரால் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டிக்கும் பெல்ட் மாறலாம். கடைக்காரரிடம் வருடத்தையும் ஏசியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எண் அழிந்துபோயிருந்தால், ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் முழுக்கத் தள்ளிவைத்து, பெல்ட் போகும் பாதையில் ஒரு நூல் கயிற்றைச் சுற்றி அளக்கலாம். பெல்ட்டைப் போட அந்தக் குறைந்த அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் தேவை. பழைய பெல்ட்டை நீட்டி அளந்து அப்படியே வாங்கினால் ஏமாற்றும். ஓடி ஓடி அது நீண்டிருக்கும். இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டால் புதியது சில மில்லிமீட்டர் குட்டையாக இருப்பதே சரி. அகலத்தில் மட்டும் சமரசம் கூடாது. 13 மில்லிமீட்டர் பள்ளத்தில் 10 மில்லிமீட்டர் பெல்ட் போட்டால் அது தரையில் போய் உட்காரும்.

மாவு மில்லுக்கும் பம்ப்செட்டுக்கும் போடும் பெல்ட்டைக் காருக்குப் போடும் பழக்கம் ஊர்ப்பக்கம் உண்டு. 'ஏ' வகை மில் பெல்ட்டின் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், சில கார் பெல்ட்டுகளின் அகலமும் அதுவே. அதனால் உள்ளே போய்விடும். ஆனால் 'ஏ-36' என்பதில் உள்ள 36, அங்குலத்தில் உள்சுற்றளவு. கார் பெல்ட்டின் எண்ணோ வெளிச்சுற்றளவு. இரண்டையும் நேராக ஒப்பிட்டால் தப்பு வரும். போதாததற்கு மில் பெல்ட் துணி சுற்றிய, விறைப்பான பெல்ட். ஆல்டர்னேட்டரின் சின்னப் புல்லியில் நிமிடத்துக்குப் பல நூறு தடவை வளையும்போது உள்ளே சூடேறி வெடிக்கும். கார் பெல்ட்டின் அடியில் வெட்டு வைப்பதே சின்னப் புல்லியில் சுலபமாக வளையத்தான். நடுவழியில் ஆபத்துக்குப் பாவம் இல்லை, ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள்.

நல்ல பெல்ட்டுக்கு வெளிநாட்டுப் பெயரையே தேட வேண்டியதில்லை. மதுரையில் ஃபென்னர் ஆலை நெடுங்காலமாக வி-பெல்ட் செய்கிறது. எந்தக் கம்பெனி என்றாலும் போலி அட்டைப்பெட்டிகள் சந்தையில் உண்டு. பில் தரும் கடையில் வாங்குவது நல்லது. பெல்ட் மேல் உள்ள அச்சு நகத்தால் சுரண்டினால் உதிரக்கூடாது.

கழற்றுதல்

முந்தைய நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட வேண்டாம். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் உள்ள தடித்த வயர் முனையில், சாவி ஆஃபில் இருந்தாலும் பேட்டரி மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் எஞ்சினையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் ஒட்டிக்கொள்ளும்.

மாருதி 800 போன்ற ஜப்பானிய வடிவமைப்புகளில் 12, 14 எண் ஸ்பேனர்கள் பெரும்பாலான வேலைக்குப் போதும். அம்பாசடரின் பழைய எஞ்சினில் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரை ஒப்பேற்றினால் தலை உருண்டுவிடும். முட்கரண்டி ஸ்பேனரை விட ரிங் ஸ்பேனர் பாதுகாப்பு.

எஞ்சின் குறுக்காக வைத்த முன்சக்கர இயக்கக் கார்களில் புல்லிகள் ஒரு பக்கச் சக்கரத்தை நோக்கி இருக்கும். மேலிருந்து கை போகாவிட்டால் ஜாக்கி வைத்து, ஸ்டாண்ட் கொடுத்து, அந்தச் சக்கரத்தைக் கழற்றினால் கிராங்க் புல்லி கண்ணெதிரே வரும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகக்கூடாது.

பெல்ட் போகும் பாதையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி பெல்ட் வெளிப்பக்கம் இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். அதை இறுக்குவதற்கு வழக்கமாகத் தனியாக ஒரு ஐட்லர் புல்லி (எதையும் ஓட்டாமல் பெல்ட்டை இறுக்க மட்டும் இருப்பது) இருக்கும்.

ஆல்டர்னேட்டரை எஞ்சினோடு பிடிப்பவை இரண்டு: நீளமான பள்ளம் வைத்த பட்டையில் இருக்கும் போல்ட், அது இறுக்கத்தைச் சரிசெய்ய; எதிர்ப்பக்கம் இருக்கும் பிவட் போல்ட், அதை அச்சாகக் கொண்டுதான் ஆல்டர்னேட்டர் ஆடும். இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் தவறுவது. பட்டைப் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு, ஆல்டர்னேட்டர் நகரவில்லையே என்று கம்பியைக் கொடுத்து நெம்புவார்கள். பட்டை வளையும், அலுமினியக் காது உடையும். பிவட் போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். கழற்றவே வேண்டாம். அம்பாசடர் டைனமோவில் பிவட் முன்னும் பின்னும் இரண்டு இருக்கும், இரண்டையும் தளர்த்த வேண்டும்.

இப்போது ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொளதொளக்கும். முதலில் ஆல்டர்னேட்டர் புல்லியிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு மற்றவற்றிலிருந்து எடுங்கள். அம்பாசடரில் ஃபேன் குறுக்கே நிற்கும். ஃபேனைக் கையால் சுழற்றி, ஒவ்வொரு இலையாகப் பெல்ட்டைத் தாண்டவிட்டு ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே எடுக்க வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் விரல் முட்டியைக் கிழிக்கும். இடையில் ஒரு அட்டையைச் செருகினால் இரண்டுக்கும் நல்லது.

பெல்ட் இல்லாத அந்தப் பத்து நிமிடம்

பெல்ட் கழன்றிருக்கும் நேரம்தான் பேரிங்குகளைப் பரிசோதிக்கச் சரியான நேரம். பெல்ட் மாட்டியிருக்கும்போது இந்தக் கோளாறுகள் வெளியே தெரியாது. அவசரப்பட்டுப் புதியதை மாட்டிவிடாதீர்கள்.

ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். கரகரவென்று மணல் அரைப்பது போலக் கேட்டால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. வாட்டர் பம்ப் புல்லியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப்பை மாற்ற வேண்டும். பம்ப்பின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். அதிலிருந்து கூலன்ட் வடிந்த பச்சை அல்லது துருக் கறை தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்த ஓட்டை வைத்திருப்பதே சீல் கெட்டதும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வர. எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அப்படி அடைத்தால் அடுத்தது பேரிங்தான் போகும்.

புல்லியின் பள்ளத்தை விரலால் தடவுங்கள். வெகுநாள் நின்ற வண்டியில் துரு சொரசொரப்பாக இருக்கும். புதுப் பெல்ட்டை உப்புக்காகிதம் போல அது தேய்த்துவிடும். கம்பி பிரஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். பள்ளத்தின் தரை மட்டும் பளபளவென்று மின்னினால், பெல்ட் தரையில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பெல்ட் மட்டும் தேய்ந்து இறங்கியிருந்தால் புதியது சரியாகிவிடும். புதுப் பெல்ட்டை வைத்த பிறகும் அது பள்ளத்துக்குள் ஆழமாக உட்கார்ந்தால் புல்லியே தேய்ந்துவிட்டது. நல்ல புல்லியில் பெல்ட்டின் முதுகு, புல்லியின் விளிம்போடு ஏறத்தாழ சமமாக நிற்கும்.

நேர்கோட்டைப் பார்க்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பின் தடிமன் புல்லிக்குப் புல்லி மாறினால் முகத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தின் நடுவைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு அடி தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் பெல்ட் கிச்கிச்சும், ஓரம் பிய்யும். ஆல்டர்னேட்டரை முன்பு யாரோ ரிப்பேர் செய்து வாஷரை மாற்றிப் போட்டதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

டைனமோ உள்ள அம்பாசடர் என்றால் இன்னொன்று. லூகாஸ் வகை டைனமோவின் பின்முனையில் இருப்பது பால் பேரிங் அல்ல, வெண்கலப் புஷ். அதற்கு எண்ணெய் விட ஒரு சின்ன ஓட்டை உண்டு. எஞ்சின் ஆயில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். தாராளமாக ஊற்றினால் மின்சாரம் எடுக்கும் காம்யுடேட்டர் வரை போய் கார்பன் பிரஷ்ஷை நாசமாக்கும்.

மாட்டுதலும் இறுக்குதலும்

புதியதைக் கிராங்க் புல்லியில் முதலில், வாட்டர் பம்ப்பில் அடுத்து, ஆல்டர்னேட்டரில் கடைசியாக உட்கார வையுங்கள். கையால் வர வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால், வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பெல்ட்டின் பலத்தைத் தாங்கும் நூல்கள் அறுந்துவிடும், சில வாரத்தில் பெல்ட் ஒரு பக்கமாகப் புரளும். ஸ்டார்ட்டரைத் தட்டி ஏற்றுவது இன்னும் மோசம். விரல் போன கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் முழுக்க உள்ளே போகவில்லை, அல்லது பெல்ட் சிறியது.

பட்டைப் போல்ட்டை, நகர்த்தினால் மட்டும் நகரும் அளவுக்கு லேசாக முடுக்குங்கள். பிறகு சுத்தியலின் மரக்கைப்பிடி போன்ற ஒன்றை எஞ்சினுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே கொடுத்து வெளிப்பக்கம் நெம்புங்கள். நெம்புவது ஆல்டர்னேட்டரின் புல்லிப் பக்க முன்மூடியில் மட்டும். நடுவிலோ பின்மூடியிலோ நெம்பினால் மெல்லிய அலுமினியம் விரியும். ஒரு கையால் நெம்பிப் பிடித்தபடி மறுகையால் பட்டைப் போல்ட்டை முடுக்கி, கடைசியாகப் பிவட் போல்ட்டை முடுக்குங்கள். 12 எண் தலை உள்ள போல்ட்டின் தண்டு 8 மில்லிமீட்டர்தான். பைப் மாட்டி முறுக்கினால் மரை போய்விடும். சில வண்டிகளில் நெம்பத் தேவையில்லாமல், ஆல்டர்னேட்டரை இழுக்கவே ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகுமுன் பூட்டும் போல்ட்டுகளைத் தளர்த்த மறக்காதீர்கள்.

எவ்வளவு இறுக்கம்? இரண்டு புல்லிக்கு நடுவில் உள்ள மிக நீளமான இடைவெளியின் மையத்தில், கட்டைவிரலால் சுமார் 10 கிலோ அழுத்தத்தில் அழுத்துங்கள். புல்லிகளின் மையங்களுக்கு இடையே 7 முதல் 11 அங்குலம் என்றால் 6 மில்லிமீட்டர் போலவும், 12 முதல் 16 அங்குலம் என்றால் 12, 13 மில்லிமீட்டர் போலவும் பெல்ட் இறங்க வேண்டும். உங்கள் வண்டி மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சட்டம். 10 கிலோ என்பது பலரும் நினைப்பதை விட அதிகம். வீட்டில் எடை மெஷின் இருந்தால் அதில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள்; கைக்குக் கணக்கு வந்துவிடும்.

மெக்கானிக்குகள் பெல்ட்டை நடுவில் பிடித்து முறுக்கிப் பார்ப்பார்கள். கால் சுற்று, அதாவது 90 டிகிரி, திரும்பினால் சரி என்பது கணக்கு. ஒப்புக்கு அது போதும். இன்னொரு சோதனையும் நம்பலாம்: ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் பிடித்துச் சுற்றப் பாருங்கள். பெல்ட்டுக்குள் புல்லி மட்டும் நழுவிச் சுற்றினால் தொய்வு.

'இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்' என்ற ஆசையைத் தடுப்பதுதான் கஷ்டம். தொய்வான பெல்ட் கத்திக் காட்டிக்கொடுக்கும். அதிகம் இறுக்கிய பெல்ட் ஒன்றும் சொல்லாது. அது வாட்டர் பம்ப் பேரிங்கையும் ஆல்டர்னேட்டர் பேரிங்கையும், டைனமோவாக இருந்தால் அந்த வெண்கலப் புஷ்ஷையும், ஒரு பக்கமாகவே இழுத்து இழுத்துத் தின்னும். பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு பம்ப்பின் விலை. சந்தேகம் வந்தால் ஒரு நூல் அளவு தொய்வாக வைத்து, அது கத்தினால் பிறகு இறுக்குங்கள்.

பெல்ட்டைத் தானே இறுக்கமாக வைக்கும் தானியங்கி டென்ஷனர் உள்ள புதுத் தலைமுறைக் கார்களில் இந்தக் கவலை இல்லை. ஸ்பிரிங் கையை ஸ்பேனரால் இழுத்துப் பிடித்து, பெல்ட்டை மாட்டிவிட்டு விட வேண்டியதுதான். ரிப் பெல்ட்டில் ஒவ்வொரு ரிப்பும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் எல்லாப் புல்லியிலும் தடவிப் பாருங்கள். ஒரு ரிப் வெளியே தொங்கினால் பத்து நிமிடத்தில் பெல்ட் பிய்ந்துவிடும்.

ஓட்டிப் பார்த்தல்

ஸ்பேனர், துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணிப் பாருங்கள். பேட்டரி வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். டேஷ்போர்டில் பேட்டரிச் சின்னம் உள்ள விளக்கு அணைய வேண்டும். மல்ட்டிமீட்டர் இருந்தால் ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவு; ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர் எல்லாம் போட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் 13-க்குக் கீழே இறங்காமல், கீச்சல் இல்லாமல் இருந்தால் இறுக்கம் சரி. கீச்சலுக்குப் பதிலாக, வேகத்தோடு சேர்ந்து உயரும் ஒரு 'ஊஊ' ஊளை புதிதாகக் கேட்டால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள், அல்லது பேரிங் ஏற்கெனவே போய்விட்டது.

புது வி-பெல்ட் முதல் பத்து நிமிட ஓட்டத்திலேயே பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து, கொஞ்சம் நீளும். எனவே பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஆறவிட்டு இன்னொரு தடவை இறுக்கம் பாருங்கள். பிறகு 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை. 'புதுசு போட்டும் ஒரே வாரத்துல கத்துது' என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாம் இறுக்கலைச் செய்யாததுதான். வழுக்கியபடி ஒரு வாரம் ஓடிய புதுப் பெல்ட் பளபளப்பாகிவிட்டிருக்கும். அப்புறம் இறுக்கிப் பயனில்லை.

வழியில் அறுந்தால்

முதலில் பேட்டரி விளக்கு எரியும். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட் சுற்றும் அம்பாசடர், மாருதி 800 போன்ற வண்டிகளில் சில நிமிடங்களில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும். 'அடுத்த ஊர் நாலு கிலோமீட்டர்தானே' என்று ஓட்ட வேண்டாம். மாருதி 800-இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். கொதித்தால் வளைந்து, கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலக்கும். ஓரமாக நிறுத்தி அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் பீறிடும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றவும் வேண்டாம்.

சில கார்களில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும். அவற்றில் வெளிப் பெல்ட் அறுந்தாலும் எஞ்சின் சூடாகாது. ஏசி, பாட்டு, விளக்குகளை அணைத்துவிட்டு, பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தைக் கொண்டு பகலில் கொஞ்ச தூரம் போகலாம். உங்கள் வண்டி எந்த வகை என்பதைப் பானெட்டைத் திறந்து இன்றே பார்த்து வையுங்கள்.

கழற்றிய பழைய பெல்ட் வெறும் பளபளப்பு மட்டும்தான், விரிசலோ நூல் பிரிதலோ இல்லை என்றால் குப்பையில் போட வேண்டாம். மடித்து நசுக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி, எண்ணெய் படாத பிளாஸ்டிக் பையில் போட்டு, டிக்கியில் ஸ்டெப்னி டயருக்குள் வைத்துவிடுங்கள். கூடவே அந்த இரண்டு ஸ்பேனர்களும், நெம்புவதற்கு ஒரு மரக்கட்டையும், ஒரு சின்ன டார்ச்சும்.